சத்தம் போடுறது கேபினட் இல்ல, ஆனா சத்தத்தக் கூட்டுறது அதுதான்

விண்டோஸ் 10-க்கு வழக்கமா வந்துட்டு இருந்த சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு, விண்டோஸ் 11-ஓ இன்டெல்னா எட்டாவது ஜெனரேஷனுக்கு முன்னாடி வந்த பிராசசரெல்லாம் கிட்டத்தட்ட வேணாம்னு சொல்லுது, அதனால பத்து வருஷமா பில் போட்டுட்டு, டேலி ஓட்டிட்டு, பசங்களுக்குப் படம் காட்டிட்டு இருந்த பழைய சிஸ்டத்த மாத்தியே ஆகணும்னு நெறைய பேருக்கு வந்திருச்சு. அந்த நேரம் பாத்து ராம் வெல வேற ஏறி உக்காந்துகிச்சு. பட்ஜெட்ல துண்டு விழுந்தா எல்லாரும் மொதல்ல கை வைக்கிற எடம் கம்ப்யூட்டரோட வெளி டப்பா, அதான் கேபினட். "டப்பாதானண்ணா, ரெண்டாயிரத்துக்குள்ள எதையாச்சும் போடுங்க"ன்னு கடைல சொல்லிடறோம். ராத்திரி பதினோரு மணிக்கு தெரு அடங்குனப்புறம்தான் அந்த டப்பா பேச ஆரம்பிக்குது.

இன்னொரு பக்கம் கொஞ்சம் விவரமானவங்க தேடிப் பாத்து 'சைலன்ட்'னு பேரு போட்ட கேபினட்டா எடுத்துட்டு வர்றாங்க, உள்ள ஃபோம் ஒட்டியிருக்கும், முன்பக்கம் கனமா ஒரு கதவு இருக்கும், குளிரான நாட்டுல எழுதுன ரிவ்யூல எல்லாரும் அதப் புகழ்ந்து தள்ளியிருப்பாங்க. அதே கேபினட் சேலத்துல சித்திரை மாசம் சத்தம் போடுது. காசு கம்மியா குடுத்தவருக்கும் சத்தம், சைலன்ட்னே வாங்குனவருக்கும் சத்தம். இது ஏன்னு புரிஞ்சுட்டா எந்தக் கேபினட் வாங்கறதுன்னு யாரையும் கேக்க வேண்டியதில்ல, அதனால அடியிலருந்து வருவோம்.

சத்தம் எங்கருந்து வருது

நம்ம ஊர்ல மொத்தப் பொட்டியையும் சிபியுன்னு சொல்லிப் பழகிட்டோம். சிபியுங்கறது உள்ள இருக்கற பிராசசர், வெளிய இருக்கற தகடு டப்பாதான் கேபினட். டப்பா தானா சத்தம் போடாது. உள்ள இருக்கற நாலு விஷயம் போடும்:

1. ஃபேன். பிராசசர் மேல ஒண்ணு, கிராபிக்ஸ் கார்டு இருந்தா அதுல ரெண்டு மூணு, உள்ள கரண்ட் பிரிச்சுக் குடுக்கற எஸ்எம்பிஎஸ்ல ஒண்ணு, கேபினட்லயே ஒண்ணுலருந்து ஆறு வரைக்கும். நமக்குக் கேக்கறதுல பெரும்பங்கு இதுதான்.

2. சுத்துற ஹார்ட் டிஸ்க். 7200 ஆர்பிஎம்னா நிமிஷத்துக்கு 7200 சுத்து, அதாவது செகண்டுக்கு 120. அந்த 120 ஹெர்ட்ஸ் அதிர்வு ஸ்க்ரூ வழியா தகட்டுக்குப் போயி, தகடு மொத்தமும் 'ம்ம்ம்'னு உறுமும்.

3. காயில் வைன். கிராபிக்ஸ் கார்டுலயோ எஸ்எம்பிஎஸ்லயோ இருக்கற காயில் கரண்ட் ஏறி இறங்கறப்ப கீச்சுன்னு கத்தும், கேம் ஆடறப்ப நல்லா கேக்கும். இதுல ஒண்ணும் கெட்டுப்போகல, காதுக்குத்தான் தொந்தரவு.

4. காத்து. ஓட்டை சின்னதா இருந்து அது வழியா காத்த இழுத்தா உஸ்ஸுன்னு வரும். ஃபேன் நல்ல ஃபேனாவே இருந்தாலும் வரும்.

இதுல ரெண்டாவது விஷயத்துக்கு கேபினட்ட நம்பாதீங்க, சுத்துற பாகமே இல்லாத எஸ்எஸ்டி போட்டா அந்தச் சத்தம் அங்கயே செத்துரும். வீட்டு போட்டோ, கல்யாண வீடியோன்னு பெரிய ஹார்ட் டிஸ்க் வேணும்னா மட்டும் ரப்பர் வாஷர் வச்ச டிஸ்க் ட்ரே இருக்கான்னு பாருங்க. மிச்ச மூணும் கேபினட்டோட நேரடியா சம்பந்தப்பட்டது, குறிப்பா மொதலாவது.

டெசிபல்ல ரெண்டே ரெண்டு கணக்கு

சத்தத்த டெசிபல்ல அளக்கறாங்க. இது மொழக்கோல் மாதிரி நேரான அளவு இல்ல. 10 டெசிபல் ஏறுனா காதுக்கு சுமாரா ரெண்டு மடங்கு சத்தமாத் தெரியும். நமக்கு வேண்டியது இதுலருந்து ரெண்டு கணக்குதான், இந்த ரெண்டையும் சேத்துப் பாத்தா கேபினட் விஷயத்துல பாதி முடிஞ்சுது.

ஒண்ணு: ஒரே மாதிரி ரெண்டு ஃபேன் ஒரே வேகத்துல ஓடுனா சத்தம் ரெண்டு மடங்காகாது, 3 டெசிபல்தான் கூடும். நாலு ஃபேனுக்கு 6 டெசிபல்.

ரெண்டு: ஒரே ஃபேனோட வேகத்தப் பாதியாக் குறைச்சா சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். காத்து பாதிதான் குறையும்.

இப்ப சேத்துப் பாருங்க. 1500 ஆர்பிஎம்ல ஒரு ஃபேன் ஓடுது. அதுக்கு பதிலா 750 ஆர்பிஎம்ல ரெண்டு ஃபேன் ஓட்டுனா தள்ளுற காத்து ஏறக்குறைய அதேதான், சத்தம் 15 இறங்கி 3 ஏறி, மொத்தத்துல 12 டெசிபல் கம்மி. காதுக்குப் பாதிக்கும் கீழ. நெறைய ஃபேன் போட்டா நெறைய சத்தம்னு நெனைக்கறோம்ல, அது தப்பு. நெறைய ஃபேன மெதுவா ஓட்டுனா சத்தம் கம்மி. கெடுதலே ஒண்ணு ரெண்டு ஃபேன மூச்சு முட்ட ஓட விடறதுதான்.

அதே மாதிரிதான் அளவும். 120 மிமீ ஃபேனவிட 140 மிமீ ஃபேனுக்குப் பரப்பு சுமார் 36 சதவீதம் ஜாஸ்தி, அதே காத்த இன்னும் மெதுவா சுத்தியே தள்ளிரும். லியான் லி லான்கூல் 216-ல முன்னாடி ரெண்டு 160 மிமீ ஃபேன் வச்சே குடுக்கறாங்க, அதுக்கு இதுதான் காரணம். அது நம்ம பட்ஜெட் கேபினட் இல்ல, யோசன புரியறதுக்காகச் சொல்றேன்.

சேலத்து வெயில் எங்க வந்து இடிக்குது

இப்பதான் விஷயத்துக்கு வர்றோம். கம்ப்யூட்டர் குளுரறதுன்னா ரூம்ல இருக்கற காத்து உள்ள போயி சூட்ட வாங்கிட்டு வெளிய வரணும், அவ்ளோதான். ரூம் காத்தவிட குளுமையா எந்த ஃபேனும் ஆக்காது. உள்ள இருக்கற பிராசசரோட சூடு எவ்வளவுன்னா, ரூம் சூடு, அதுக்கு மேல கேபினட்டுக்குள்ள காத்து ஏறுற சூடு, அதுக்கும் மேல கூலர்ல ஏறுற சூடு, மூணையும் கூட்டிக்க வேண்டியதுதான்.

குளிர் ஊர்ல ரூம் 21 டிகிரி. சேலத்துல ஏப்ரல், மே மாசம் வெளிய 38, 39-னு போறப்ப மொட்டை மாடிக்குக் கீழ இருக்கற ரூம் சாயங்காலம் ஆறு மணிக்குக்கூட 36 இருக்கும், காங்கிரீட் அப்பதான் பகல்ல வாங்குன சூட்டக் கக்கிட்டு இருக்கும். ஆக நம்ம கம்ப்யூட்டர் ஸ்டார்ட்டிங்லயே 15 டிகிரி பின்னாடி நிக்குது. ஃபேனுக்கு ரூம் சூடெல்லாம் தெரியாது, பிராசசர் சூட்டப் பாத்துதான் வேகத்தக் கூட்டும். அங்க 60 டிகிரில அமைதியா ஓடுன அதே சிஸ்டம் இங்க 75-ல ஓடும், ஃபேனும் அதுக்கேத்த மாதிரி கத்தும். ஒரே சாமான், ஒரே கேபினட், ஊருதான் வேற.

காத்து எவ்வளவு வேணும்னு ஒரு கணக்குப் போட்டே பாக்கலாம். ஃபேன் பெட்டி மேல சிஎஃப்எம்னு போட்டிருப்பாங்க, நிமிஷத்துக்கு எத்தன கன அடி காத்து தள்ளும்னு அர்த்தம். கேம் ஆடற சுமாரான சிஸ்டம் ஒண்ணு 250 வாட் இழுக்குதுன்னு வச்சுக்குவோம், அந்த 250 வாட்டும் கடைசில சூடாத்தான் வெளிய வரும். கேபினட்டுக்குள்ள காத்து 10 டிகிரிக்கு மேல ஏறக்கூடாதுன்னா நம்ம ஊர் சூட்டுக்கு சுமார் 48 சிஎஃப்எம் காத்து உள்ள வந்து வெளிய போகணும். காத்து பாதியாச்சுன்னா ஏறுற சூடு ரெண்டு மடங்கு, 20 டிகிரி. ரூம் 36-னா கேபினட்டுக்குள்ள 56. அந்த 56 டிகிரி காத்த வாங்கித்தான் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குளுரணும், பாவம்.

ஆனா ஆபீஸ் வேலைக்கான சிஸ்டம் 100 வாட்கூட இழுக்காது, அதுக்கு 19 சிஎஃப்எம் போதும், பின்னாடி ஒரே ஒரு 120 மிமீ ஃபேன் மெதுவா ஓடுனாலே தாண்டிரும். அதனால மொதல் கேள்வி கேபினட் எதுங்கறது இல்ல, உங்க சிஸ்டம் எத்தன வாட்டுங்கறது. கிராபிக்ஸ் கார்டு போடாத சிஸ்டத்துக்கு ஆறு ஃபேன் கேபினட் வாங்கறது ரெண்டு பேரு இருக்கற வீட்டுக்கு அண்டா வாங்கற மாதிரி.

'சைலன்ட்' கேபினட்டோட சங்கதி

ஃபோம் ஒட்டுன கேபினட் ஏமாத்து வேலைன்னு சொல்ல வரல. ஃபிராக்டல் டிசைன் கம்பெனியோட டிஃபைன் வரிசை மாதிரி நல்லா செஞ்சதெல்லாம் இருக்கு. ஆனா ஃபோம் என்ன செய்யும், என்ன செய்யாதுன்னு தெரிஞ்சுக்கணும்.

மெல்லிசான ஃபோம் கீச்சு சத்தத்தத்தான் உறிஞ்சும். 120 ஹெர்ட்ஸ் உறுமலோட அலை நீளம் கிட்டத்தட்ட 2.9 மீட்டர், ஆளவிட நீளம். அத அஞ்சு மில்லிமீட்டர் ஃபோம வச்சுப் புடிக்கறேன்னா மீன் வலைல காத்தப் புடிக்கற கதைதான். உறுமலுக்கு ஃபோம் வேலைக்காகாது, தகட்டுல ஒட்டுற கனமான தார் ஷீட் மாதிரி ஒண்ணு இருக்கு, அதுதான் தகடு அதிர்றத அடக்கும். விலை கம்மியான 'சைலன்ட்' கேபினட்ல ஒட்டியிருக்கறது பெரும்பாலும் ஃபோம் மட்டும்தான். வெரலால அழுத்திப் பாருங்க, ஸ்பான்ஞ்சு மாதிரி அமுங்குனா ஃபோம், கெட்டியா ரப்பர் மாதிரி இருந்தா தார் ஷீட்.

அதவிட முக்கியமானது முன்பக்கம். சத்தம் வெளிய வரக்கூடாதுன்னு முன்பக்கத்த மூடிட்டு ரெண்டு ஓரத்துலயும் வெரல் போகற அளவுக்கு ஒரு சந்து விட்டிருப்பாங்க. காத்தும் அந்தச் சந்து வழியாத்தான் வரணும். காத்து பாதியாக் குறைஞ்சா பழையபடி காத்து வர ஃபேன் ரெண்டு மடங்கு வேகத்துல ஓடணும், மேல போட்ட கணக்குப்படி அது 15 டெசிபல் ஏத்தம். அந்தக் கதவு குறைச்சுக் குடுக்கறது அதவிட ரொம்பக் கம்மி. ரூம் 21 டிகிரியா இருந்தா ஃபேன் வேகம் ஏற வேண்டிய அவசியமே வராது, அதனால அங்க லாபம். இங்க நஷ்டம்.

ஏசி ரூம்ல இருக்கற சிஸ்டம், கிராபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டம், இல்லன்னா காயில் வைன் தாங்க முடியல, இப்படி இருந்தா மூடுன கேபினட் வாங்கலாம். மிச்சப் பேருக்கு சேலத்துல அமைதியான கேபினட்னா அது முன்பக்கம் பூரா மெஷ், அதாவது வலை மாதிரி ஓட்டை, போட்ட கேபினட்தான். ஓட்டையா இருக்கே, சத்தம் வெளிய வருமேன்னு தோணும். வரும். ஆனா உள்ள சத்தமே கம்மியா இருக்கும்.

தகடு பாக்கறது

சேலத்துக்காரங்களுக்கு தகடு பத்தி பாடம் எடுக்கறது திருநெல்வேலிக்கே அல்வா அனுப்பற மாதிரி. கஞ்சமலை அடிவாரத்துல ஸ்டீல் பிளான்ட்ட வச்சுகிட்டு, குடத்த சுண்டிப் பாத்து கேஜ் கேட்டு வாங்கற ஊரு இது. ஆனா அதே ஆளுங்க கேபினட் வாங்கறப்ப மட்டும் லைட்டு எரியுதான்னு பாத்துட்டு வந்துடறாங்க.

கேபினட் எவர்சில்வர் இல்ல, சாதா இரும்புத் தகட்டுக்கு பெயின்ட் அடிச்சது. மலிவான கேபினட்ல தகடு அரை மில்லிமீட்டர் இல்ல அதுக்கும் கீழ, நல்ல கேபினட்ல 0.7, 0.8 மிமீ. பக்கவாட்டுத் தகட்டக் கழட்டி நடுவுல முட்டியால தட்டிப் பாருங்க. 'டொய்ங்'னு தகர டின் மாதிரி ரீங்காரம் போட்டா அது ஃபேன் அதிர்வுக்கும் அப்படித்தான் போடும். 'டொப்'புன்னு செத்த சத்தமா வந்தா நல்லது. எதிரெதிர் மூலைய ரெண்டு கையால புடிச்சு லேசா முறுக்குங்க, முறுக்கிக் கொடுத்தா வேணாம். அட்டைப்பெட்டி மேல நெட் வெயிட் போட்டிருக்கும், ஒரே அளவு கேபினட் ரெண்டுல எது கனம்னு பாக்க அது ஒண்ணு போதும்.

கனமான தகடு சத்தத்த அப்படியே அடைச்சுரும்னு நெனச்சுக்காதீங்க. தகடு ரெண்டு மடங்கு கனமானா அது வழியா போற சத்தம் 6 டெசிபல் குறையும்ங்கறது கணக்கு, 0.5-லருந்து 0.8-க்கு போனா 4 டெசிபல். ஆனா கேபினட்ல முன்னாடியும் பின்னாடியும் ஓட்டை இருக்கறப்ப சத்தம் எதுக்கு தகடு வழியா போகுது, கதவ சாத்திட்டு ஜன்னலத் தொறந்து வச்ச கதைதான். தகடு கனமா இருக்கணும்னு சொல்றது அதிராம இருக்கறதுக்கு.

கண்ணாடிக்கும் இதே கணக்கு. பக்கவாட்டுல கண்ணாடி போட்டா சத்தம் ஜாஸ்தின்னு பலபேர் சொல்றாங்க. 4 மிமீ டெம்பர்டு கிளாஸ் ஒரு சதுர மீட்டர் 10 கிலோ வரும், அரை மில்லிமீட்டர் இரும்புத் தகடு 4 கிலோகூட வராது. கனத்துல கண்ணாடிதான் ஜெயிக்குது. பக்கவாட்டுக் கண்ணாடி பிரச்சனையே இல்ல. முன்பக்கம் கண்ணாடி போட்டு உள்ள மூணு கலர் ஃபேன் சுத்தற மாதிரி ஒரு மாடல் ஒரு காலத்துல எல்லாக் கடைலயும் வரிசையா நிக்கும், இப்பவும் கம்மி விலைல தள்ளறாங்க. அதான் பிரச்சன. மூச்சு விடற எடத்துல கண்ணாடி வச்சுட்டு மூணு ஃபேன் எதுக்கு?

இன்னொண்ணு, டேபிள்ல காதுக்கு நேரா வைக்கறவங்க பின்பக்க ஃபேன் கிரில்லயும் பாருங்க. தகட்டுலயே பொடிப்பொடியா ஓட்டை குத்தி விட்டிருந்தா காத்து அதுல இடிச்சு உஸ்ஸுங்கும். பெரிய அறுகோண ஓட்டையா இருந்தா தேவல. துணிச்சல் இருக்கறவங்க அந்த எடத்த வெட்டி எடுத்துட்டு வட்டக் கம்பி கிரில் போட்டுக்கறாங்க. ஏதாச்சும் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறைல சொன்னா அஞ்சு நிமிஷ வேல, ஆனா மதர்போர்டு உள்ள இருக்கறப்ப செஞ்சுறாதீங்க, இரும்புத் தூள் ஒண்ணு போதும் போர்டு போயிரும்.

"ஃபேனோடவே வருது தம்பி"

கடைல இந்த வசனம் கண்டிப்பா வரும். "நாலு ஆர்ஜிபி ஃபேன் ஃப்ரீயா வருது தம்பி, வேற என்ன வேணும்?" ஃபேன் எத்தனன்னு கேக்காதீங்க, வயர் என்னன்னு கேளுங்க.

1. மோலெக்ஸ் கனெக்டர். எஸ்எம்பிஎஸ்லருந்து நேரா வர்ற நாலு முள்ளு பெரிய பிளக். இதுல மாட்டுன ஃபேன் எப்பவும் 12 வோல்ட்ல முழு வேகம்தான், வேர்டுல லெட்டர் அடிச்சாலும் அதே ஓட்டம். அமைதி வேணும்னா இது வேணவே வேணாம்.

2. மூணு பின். மதர்போர்டுல மாட்டலாம், வோல்ட்டேஜக் குறைச்சு வேகத்தக் குறைக்கலாம். போதுமானது.

3. நாலு பின், பிடபிள்யூஎம்னு சொல்வாங்க. மதர்போர்டு சிக்னல் குடுத்தே வேகத்தக் கட்டுப்படுத்தும், ரொம்ப மெதுவாவும் ஓட்டலாம். இதுதான் உசத்தி.

சில மலிவான கேபினட்ல ஃபேனெல்லாம் ஒரு குட்டி போர்டுல போயி சேரும், கூட ஒரு ரிமோட் குடுப்பாங்க, கலர் மாத்தலாம், வேகம் மாத்த முடியாது, முடிஞ்சாலும் சூட்டுக்கேத்த மாதிரி தானா மாறாது. அந்த போர்டுலருந்து மதர்போர்டுக்குன்னு ஒரு வயர் வருதான்னு பாருங்க, வரலன்னா மோலெக்ஸ் கதைதான்.

என்னோட அபிப்ராயம், ஃபேனே இல்லாம, இல்ல ஒரே ஃபேனோட வர்ற நல்ல மெஷ் கேபினட்ட எடுத்துட்டு, மிச்சக் காசுல நாலு பின் ஃபேன் ரெண்டு தனியா வாங்கிப் போடறது மேல். ஆர்க்டிக் பி12 மாதிரி கலர் லைட் இல்லாத ஃபேன் அஞ்சு சேத்து ஒரே பெட்டியாவே வருது, நாலு ஃப்ரெண்டுங்க சேந்து வாங்குனா தலைக்கு ரொம்பக் கம்மி. ஸ்க்ரூ ஓட்டைக்கு ஓட்டை 120 மிமீ ஃபேனுக்கு 105 மிமீ, 140-க்கு 124.5. ரெண்டு வரிசை ஓட்டையும் இருக்கற கேபினட்டா பாத்து எடுத்தா பின்னாடி பெருசு போட்டுக்கலாம்.

கேபினட்டோட 'ஃப்ரீ'யா வர்ற எஸ்எம்பிஎஸ்ஸ பத்தி ரெண்டே வரி. அதுல இருக்கற 80 மிமீ ஃபேன் கத்தறது ஒரு பக்கம், பெட்டி மேல போட்டிருக்கற 450 வாட்ட அது குடுக்கும்னு நம்பி கிராபிக்ஸ் கார்டு மாட்டறது இன்னொரு பக்கம். அதக் கழட்டி வச்சுட்டு 120 மிமீ ஃபேன் போட்ட நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்குங்க.

தூசிதான் நம்ம ஊரு வில்லன்

மெஷ் கேபினட்டுக்கு ஒரு எதிர்வாதம் இருக்கு, தூசி போகும்னு. நியாயமான வாதம். சேலத்துல தூசியும் ஏரியாவுக்கு ஏரியா வேற. அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் தறி ஓடற தெருன்னா பஞ்சுத் தூசி, மெஷ் மேல கம்பளி போத்துன மாதிரி ஒரே படலமா ஒட்டும், கையால உரிச்சா துணி மாதிரி வரும். கருப்பூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கரடு ஓரம்னா வெள்ளைக்கல் மாவு, படலமா நிக்காம நைஸா உள்ள போயி கூலர் தகட்டுக்கு நடுவுல ஒக்காந்துக்கும்.

அதனால கேபினட்டுக்கு முன்னாடி, அடில, ரெண்டு எடத்துலயும் ஃபில்டர் இருக்கணும், அதவிட முக்கியம் அது சுலபமா கழண்டு வரணும். காந்தத்துல ஒட்டுனது, இல்ல இழுத்தா வர்ற மாதிரி இருந்தா மாசம் ஒருக்க குழாயடில காட்டி நிழல்ல காய வச்சு மாட்டிருவீங்க. ஆறு ஸ்க்ரூ கழட்டி முன்பக்கத்தப் பேத்தாத்தான் ஃபில்டர் வரும்னா தீபாவளிக்கு தீபாவளிதான் கழட்டுவீங்க, அது வரைக்கும் அடைஞ்ச ஃபில்டருக்குப் பின்னாடி ஃபேன் கத்திட்டே கெடக்கும். வாங்கறப்ப அமைதியா இருந்துச்சு, மூணு மாசத்துல சத்தம் வந்திருச்சுன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேருக்கு வேற ஒண்ணும் இல்ல, ஃபில்டர் அடைச்சிருக்கு.

உள்ள இழுக்கற ஃபேன் வெளிய தள்ளற ஃபேனவிட ஒண்ணு ஜாஸ்தியா இருந்தா நல்லது. முன்னாடி ரெண்டு, பின்னாடி ஒண்ணு. அப்ப உள்ள காத்தழுத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருந்து, ஃபில்டர் இல்லாத சந்து பொந்து வழியா காத்து வெளியதான் போகும், தூசியோட உள்ள வராது.

பழைய கேபினட்டையே வச்சுக்கலாமா

தாராளமா யோசிக்கலாம். ஏடிஎக்ஸ்ங்கற அளவு முறைய இன்டெல் 1995-ல கொண்டு வந்துச்சு, மதர்போர்டு ஸ்க்ரூ ஓட்டையெல்லாம் இன்னிக்கு வரைக்கும் அதே எடத்துலதான் இருக்கு, புது போர்டு பழைய டப்பாவுல உக்காரும். அந்தக் காலத்து தகடு சிலது இப்ப வர்றதவிட கனமாவும் இருக்கும். இடிக்கறது மூணு எடத்துல:

1. கூலர் உயரம். நல்ல டவர் கூலர் 155 மிமீக்கு மேல நிக்கும், பழைய ஒல்லி கேபினட்ல பக்கவாட்டுத் தகடு மூடாது. ஸ்கேல் வச்சு பிராசசர் மேல்பக்கத்துலருந்து தகடு வரைக்கும் அளந்துக்கங்க.

2. ஃபேன் எடம். பின்னாடி 80 இல்ல 92 மிமீதான் மாட்ட முடியும், முன்னாடி முழுக்க பிளாஸ்டிக் அடைப்பு. ஆபீஸ் சிஸ்டத்துக்கு ஓடும், கேமுக்கு ஆகாது.

3. எஸ்எம்பிஎஸ் மேல இருக்கறது. பிராசசர் விட்ட சூட்ட அது குடிச்சு, அதோட ஃபேன் ஏறும்.

100 வாட்டுக்குள்ள இருக்கற பில்லிங் சிஸ்டம்னா பழச வச்சுட்டு அந்தக் காச ராமுக்குப் போடுங்க.

காசு எங்க போகணும்

கேம் ஆடற இல்ல வீடியோ எடிட் பண்ற சிஸ்டத்துக்கு பட்ஜெட் இறுக்கமா இருந்தா என் வரிசை இது: மொதல்ல முன்பக்கம் பூரா மெஷ், ரெண்டாவது கழண்டு வர்ற ஃபில்டர், மூணாவது மூணு பின் அல்லது நாலு பின் ஃபேன், நாலாவதா தகட்டுக் கனம், அதுக்கப்புறம் யூஎஸ்பி, லைட், கண்ணாடி எதுவா இருந்தாலும். ஃபோம் இந்த வரிசைலயே இல்ல. பெட்டி மேல போட்டிருக்கற டெசிபல் நம்பரப் பாத்து முடிவு பண்ணாதீங்க. எவ்வளவு தூரத்துல, எந்த வேகத்துல, எப்படிப்பட்ட ரூம்ல அளந்தாங்கன்னு சொல்லாத நம்பர் பேச்சுக்குத்தான் ஆகும். இதுக்குன்னே ஐஎஸ்ஓ 7779-னு ஒரு அளவு முறை இருக்கு, மலிவு கேபினட் பெட்டில அதப் பாக்கறது அபூர்வம்.

கடைலயே ஒரு சோதன. கடைக்காரர்கிட்ட டிஸ்யூ பேப்பர் கேட்டு வாங்கிக்கங்க, ஓடற டிஸ்ப்ளே சிஸ்டம் இருந்தா முன்பக்கத்துல வச்சுப் பாருங்க. தானா ஒட்டிகிட்டு நின்னா காத்து போகுது. வழுக்கி விழுந்தா ஃபேன் சும்மா சுத்துது.

எங்க வைக்கறீங்கங்கறது

ஆசாரிய வச்சு செஞ்ச கம்ப்யூட்டர் டேபிள்ல 'சிபியு வைக்கற எடம்'னு ஒரு அறை இருக்கும், மூணு பக்கமும் பிளைவுட், பின்னாடி வயர் போறதுக்கு ஒரு ஓட்டை. பின்பக்கம் விட்ட சூட்டையே முன்பக்கம் திரும்ப இழுக்கறதுக்கு இதவிட நல்ல ஏற்பாடு கெடையாது. எட்டாயிரம் ரூவா கேபினட்ட அதுல சொருகுனா ரெண்டாயிரம் ரூவா கேபினட் ஆயிரும். பின் பலகைய எடுத்துருங்க, இல்ல வெளிய வைங்க. சுவத்துலருந்து ஒரு சாண் தள்ளி, டைல்ஸ் தரைல நேரா வைக்காம பழைய ரப்பர் மேட்டு மேல. டைல்ஸும் வெறுஞ்சுவரும் சத்தத்தத் திருப்பி அடிக்கும், துணித் திரையும் மெத்தையும் இருக்கற ரூம்ல அதே சிஸ்டம் அமைதியாத் தெரியும். மேல போத்தற பூ போட்ட கவர ஓடறப்ப எடுத்துருங்க. ஆயுத பூஜைக்கு சந்தனம் குங்குமம் வைக்கறவங்க பக்கவாட்டுத் தகட்டுல வைங்க, மெஷ்ல வேணாம், காஞ்சு உள்ள உதிரும்.

எவ்வளவு அமைதி வேணுங்கறதும் எடத்தப் பொறுத்ததுதான். பகல்ல சீலிங் ஃபேன் அஞ்சுல ஓடறப்ப, பக்கத்து வீட்ல தறி ஓடறப்ப சுமாரான கம்ப்யூட்டர் சத்தம் காதுலயே விழாது. விழுறது ஏறி இறங்கற சத்தம். ஒரே சீரா ஓடற சத்தத்த காது அஞ்சு நிமிஷத்துல மறந்துரும், பிரவுசர் தொறக்கறப்பல்லாம் வூம்னு ஏறி இறங்குனா மறக்க விடாது. இது கேபினட்ல தீர்ற விஷயம் இல்ல, பயாஸ்ல, அதாவது மதர்போர்டோட அடிப்படை செட்டிங்ல, தீர்ற விஷயம். சிஸ்டம் ஆன் ஆகறப்ப டெலீட் கீயத் தட்டி உள்ள போனா ஃபேன் செட்டிங் இருக்கும், ஏசூஸ் போர்டுல க்யூ-ஃபேன், ஜிகாபைட்ல ஸ்மார்ட் ஃபேன். 60 டிகிரி வரைக்கும் ஒரே வேகம், அதுக்கு மேல மெல்ல மெல்ல ஏறட்டும்னு கோடு போட்டு, வேகம் மாற சில செகண்டு தாமதிக்கற ஆப்ஷன் இருந்தா அதையும் போட்டுருங்க. குளிர் ஊர்க்காரங்க போட்ட கோட்ட அப்படியே காப்பி அடிக்காதீங்க, அவங்க 45 டிகிரில ஏத்த ஆரம்பிப்பாங்க, நமக்கு சும்மா இருந்தாலே 45 இருக்கும்.

ஏற்காட்டுல எல்லாம் தலைகீழ்

மலை மேல கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரத்துல காத்து லேசு, ஒரே ஃபேன் ஒரே வேகத்துல சுமந்துட்டுப் போற சூடு சேலத்தவிட 10 சதவீதம் மாதிரி குறையும். ஆனா ரூம் 22 டிகிரில இருக்கறப்ப இந்த 10 சதவீதம் ஒரு பொருட்டே இல்ல. மேல சொன்ன 250 வாட் சிஸ்டத்துக்கு உள்ள காத்து 10-க்கு பதிலா 11 டிகிரி ஏறும், 33. கீழ 46.

அங்க பிரச்சன வேற. சீலிங் ஃபேன் ஓடாது, தறி கெடையாது, ராத்திரி பூச்சி சத்தத்தத் தவிர ஒண்ணும் இல்ல, அதனால சேலத்துல காதுல விழாத ஹார்ட் டிஸ்க் உறுமலும் காயில் வைனும் அங்க துல்லியமாக் கேக்கும். மூடுன முன்பக்கம், ஃபோம், தார் ஷீட், எல்லாத்துக்கும் அங்கதான் மதிப்பு. எஸ்டேட் பங்களாவுலருந்தோ ஹோம்ஸ்டேலருந்தோ வேலை பாக்கறவங்க, குரல் பதிவு பண்றவங்க 'சைலன்ட்' கேபினட்ட கண்ண மூடிட்டு வாங்கலாம். மழைக்காலத்துல பனிமூட்டம் ரூமுக்குள்ளயே வர்ற வீடுன்னா தகட்டு வெட்டு ஓரத்துல பெயின்ட் இருக்கான்னு பாத்து வாங்குங்க, மலிவுக் கேபினட்ல ஓரம் வெறும் இரும்பா இருக்கும், ஒரே சீசன்ல துரு ஏறிரும். வாரக்கணக்குல ஆஃப் பண்ணியே போட்டு வைக்காம தினம் அரை மணி நேரம் ஓட விட்டா உள்ள இருக்கற ஈரம் காஞ்சுரும்.